ஈயமற்ற பெட்ரோலின் மேல் விழுந்த பழி

தர்மபுரி மாவட்டத்தின் தீர்த்தமலை, அரூர் வட்டாரத்தில் அம்பாசிடர், பத்மினி முதலிய பழைய கார்களைப் பேணுவோரிடையே ஒரு வதந்தி சலிக்காமல் சுற்றி வருகிறது. ஈயம் கலவாத பெட்ரோல் வந்த நாள்முதல் பழைய எஞ்சின்களின் ஹெட் தேய்ந்து கெட்டுவிட்டது என்றும், அதைப் பழுது பார்ப்பது வீண்செலவு என்றும், புது ஹெட் வாங்கி மாட்ட வேண்டும் அல்லது டீசல் எஞ்சினுக்கு மாறிவிட வேண்டும் என்றும் அது கூறுகிறது. இதில் கால்பங்கு உண்மை உண்டு. மீதி முக்கால் பங்கு, ஹெட்டைக் கழற்றி அளந்து பாராதவர்களின் பேச்சு.

ஹெட் என்பது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் வார்ப்பு. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை உள்ளே வரவும் புகை வெளியேறவும் உரிய வால்வுகள் அதில் அமைந்துள்ளன. வால்வு மூடும்போது அதன் விளிம்பு அமர்ந்து அடைக்கும் வளையப் பகுதி வால்வு சீட் எனப்படும். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் 1921இல் தாமஸ் மிட்ஜ்லி பயனைக் கண்டறிந்த டெட்ரா எத்தில் ஈயம், கலவை கட்டுமீறி வெடித்து எஞ்சின் தட்டுவதைத் தடுப்பதற்காகவே பெட்ரோலில் சேர்க்கப்பட்டது. அது எரிந்தபின் மிஞ்சும் ஈய உப்புகள் சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, உலோகத்தோடு உலோகம் உரசாமல் காத்தது கேட்காமல் கிடைத்த பயன். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் அந்த நஞ்சு, இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் பெட்ரோலிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு காரின் ஹெட்டுக்காக அதை எண்ணி ஏங்குவது வெட்கக்கேடு. படலம் இல்லாத நிலையில், கடுஞ்சூடேறிய புகைவால்வு, கடினப்படுத்தப்படாத வார்ப்பிரும்புச் சீட்டில் நுண்ணளவில் ஒட்டி ஒட்டிப் பிய்வதால் சீட் அரிக்கப்பட்டு, வால்வு ஹெட்டுக்குள் இறங்கிக்கொண்டே போகும் என்பது மெய்தான்.

ஆனால் அது எல்லா வண்டியிலும் எப்போதும் நடப்பதில்லை. 1980களில் அமெரிக்க வேளாண் துறையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் பண்ணை எஞ்சின்களில் நடத்திய சோதனைகளில், மிகுந்த சுமையோடு அதிவேகத்தில் நெடுநேரம் ஓடியவற்றில்தான் இந்த அரிப்பு கடுமையாகத் தென்பட்டது. ஆறு பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாயில் தினந்தோறும் ஏறும் வாடகை வண்டிக்கு அந்தக் கவலை பொருந்தும். கொட்டகையிலிருந்து மாதம் ஒருமுறை அரூர் வரை சென்று திரும்பும் வண்டிக்குப் பொருந்தாது. சீட் அரிக்கப்படுகிறதா என்பதை அறிய வதந்தியைக் கேட்க வேண்டியதில்லை. வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே விடப்படும் சிறு இடைவெளியான டேப்பட் கிளியரன்சை, புகைவால்வுகளில் குறித்த கால இடைவெளியில் மெல்லிய தகட்டு அளவியான பீலர் கேஜால் அளந்து எழுதி வைத்தால் போதும். அது திரும்பத் திரும்பக் குறைந்துகொண்டே வந்தால் சீட் இறங்குகிறது. குறையாவிட்டால் பெட்ரோலின் மேல் பழி இல்லை.

அரிப்பு உறுதியான பின்னும் ஹெட்டை மாற்றுவது தீர்வாகாது என்பதை வதந்தி பரப்புவோர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. பழைய 1489 சி.சி. அம்பாசிடர் எஞ்சினுக்கு எங்கோ ஒரு கடையின் மூலையில் கிடைக்கும் 'புது' ஹெட்டும் ஈயப் பெட்ரோல் காலத்து வார்ப்பாகவே இருக்கும். அதன் சீட்டும் கடினப்படுத்தப்படாத அதே வார்ப்பிரும்பாக இருந்தால், பணம் போனபின் நோய் அப்படியே நிற்கும். முறையான வழி, தேய்ந்த சீட்டைக் குடைந்து, குழியைவிட மயிரிழை பெரிதான கடின உலோக வளையத்தை இறுக்கிப் பதித்து, வால்வின் கோணத்துக்கு ஏற்ப அதைக் கடைந்து, வால்வுத் தண்டை வழிநடத்தும் கைடுகள் தேய்ந்திருந்தால் அவற்றையும் உடன் மாற்றுவதே. பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினில் ஹெட் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் தானே சீட்டாக நிற்க இயலாத மென்மை உடையது என்பதால் அதில் தொடக்கத்திலிருந்தே தனி வளையங்கள் உண்டு. மாற்றுவதற்கென்றே பதிக்கப்பட்ட வளையம் தேய்ந்ததற்காக ஹெட் முழுவதையும் பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொல்லும் அறிவுரையை என்னவென்பது!

டீசல் எஞ்சினுக்கு மாறச் சொல்வதோ இழப்பின்மேல் இழப்பு. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவாகி ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய வேண்டுமானால், அதன் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. எஞ்சினை மாற்றியவர் அந்தத் தகுதியைத் தம் கையாலேயே அழித்துக்கொள்கிறார்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. விரிசல் விட்ட ஹெட் செத்தது என்பது பொய்: அலுமினியத்தை ஆர்கான் வெல்டிங்காலும், வார்ப்பிரும்பை முன்சூடேற்றி நிக்கல் ராடாலும் பற்றவைக்கலாம், பின்பு அழுத்தச் சோதனை செய்தே ஏற்ற வேண்டும். ஹெட்டின் அடிப்பரப்பை எவ்வளவு சீவி 'ஃபேஸிங்' செய்கிறோமோ அவ்வளவு இழுவை கிடைக்கும் என்பதும் தவறு; தேவைக்கு மேல் சீவினால் அமுக்க விகிதம் உயர்ந்து எஞ்சின் தட்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஹெட்டைத் தின்கிறது என்போர் ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயபிரத்தையும் பார்க்கட்டும். அது தாக்கும் இடங்கள் அவை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் எஞ்சின் சூடேறாது என்ற நம்பிக்கை, எஞ்சினை அளவுக்கு மீறிக் குளிரவைத்து, சிலிண்டர்களைத் தேய்ப்பதற்கு மட்டுமே உதவும்.

இப்பகுதியில் ஹெட்டின் மெய்யான பகை ரேடியேட்டரில் ஊற்றப்படும் தண்ணீர். தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரின் ஃபுளோரைடு காரணமாக அரசு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே நிறைவேற்றியது. ஆனால் ஹெட்டைக் கெடுப்பது ஃபுளோரைடு அன்று, கடின நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள். வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் படியும் அதே வெண்பற்று, ஹெட்டின் உள்ளே நீரோடும் வழிகளில் புகைவால்வைச் சுற்றித் தடித்துவிட்டால், அங்கே வெப்பம் தேங்கி, அலுமினிய ஹெட் கோணுகிறது, கேஸ்கெட் எரிகிறது, சீட் அரிப்பும் விரைகிறது. பழியோ பெட்ரோலின் மேல் விழுகிறது. தீர்த்தமலையின் மேல் ராமர் அம்பெய்து வரவழைத்ததாகத் தலபுராணம் கூறும் தீர்த்தம் நீராடவும் பருகவும் உரியது. பாறையில் ஊறி வரும் எந்த நீரும் தாது உப்புகளைச் சிறிதேனும் கரைத்துக்கொண்டே வருமாதலால், அதை ரேடியேட்டரில் ஊற்றுவது பக்தியிலும் சேராது, பராமரிப்பிலும் சேராது. தமிழ்நாட்டில் 2003 முதல் வீடுதோறும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்புகள் பல இடங்களில் குப்பை அடைத்துக் கிடக்கின்றன. அவற்றைத் தூர் வாரி, முதல் மழையை வழியவிட்டு, அடுத்த மழையின் நீரை வடிகட்டிச் சேர்த்துவைத்தால், துருத்தடுப்பு மருந்துள்ள கூலண்டோடு கலப்பதற்குக் காசில்லாமல் கிடைக்கும் மென்னீர் அதுவே; அதற்கும் சோம்பல்படுவோர் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்கலாம்.