எஞ்சினின் வலு எவ்வளவு?

“இந்த விமான எஞ்சின் ஆயிரம் பரிவலு உடையது” என்று ஒருவர் கூறினால், அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? எந்த உயரத்தில், எத்தனை நிமிடங்களுக்கு என்றும் நாம் வினவுதல் வேண்டும். ஏனென்பதை ஓர் உதாரணத்தின் மூலம் ஆராய்வோம்.

1940ஆம் ஆண்டு பிரித்தானிய வான்சமரில் ஸ்பிற்பயர், ஹரிகேன் விமானங்களை இயக்கியது ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனத்தின் மேர்லின் எஞ்சின். பன்னிரண்டு உருளைகளும் 27 லீற்றர் கொள்ளளவும் உடையது அது. அதன் மூன்றாம் வகை, தரையிலிருந்து கிளம்பும்போது 880 பரிவலுவையே தந்தது. 16,250 அடி உயரத்திலோ 1,030 பரிவலுவைத் தந்தது. மேலே செல்லச் செல்லக் காற்று ஐதாகின்றது. 18,000 அடியில் காற்றமுக்கம் தரையில் உள்ளதன் பாதியளவே. அவ்வாறாயின் வலு கூடியது எவ்வாறு?

விடை சூப்பர்சார்ஜர் என்னும் காற்றழுத்தியில் உள்ளது. எஞ்சினாலேயே சுழற்றப்படும் இவ்விசிறி, காற்றை நெருக்கி உருளைகளுக்குள் செலுத்துகின்றது. தரையருகே காற்று அடர்த்தியாக இருப்பதால், காற்றுவாயிலை முழுவதும் திறந்தால் அமுக்கம் அளவுமீறும்; எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எஞ்சினைச் சிதைக்கும். ஆகவே வாயில் பாதி மூடியே வைக்கப்படுகின்றது. விசிறியைச் சுழற்றச் செலவாகும் வலுவில் ஒரு பகுதி இவ்வாறு வீணாகின்றது. விமானம் உயர உயர வாயில் சிறிது சிறிதாகத் திறக்கின்றது. குளிர்ந்த காற்றும் துணைசெய்ய, வலு கூடுகின்றது. வாயில் முழுவதும் திறந்துவிடும் உயரமே உச்சநிலை. அதற்குமேல் வலு குறையத் தொடங்கும்.

எரிபொருளின் தரமும் இக்கணக்கை மாற்றும். 87 ஒக்ரேன் எரிபொருளுடன் சதுர அங்குலத்துக்கு 6¼ இறாத்தல் மேலதிக அமுக்கமே அனுமதிக்கப்பட்டது. 100 ஒக்ரேன் எரிபொருள் வந்தபின் அது 12 இறாத்தலாக உயர்த்தப்பட்டது. 9,000 அடியில் 1,310 பரிவலு கிட்டியது. ஆயினும் ஆபத்து வேளையில் ஐந்து நிமிடங்களுக்கு மட்டுமே அது அனுமதிக்கப்பட்டது. எதிரியிடமிருந்து தப்ப விமானிக்கு அது உயிர்காக்கும் வலு. எல்லை கடந்தால் எஞ்சினே பழுதாகி உயிருக்கு உலை வைக்கும். 16,250 அடிக்கு மேலோ அதனால் பயனேதும் இல்லை. அங்கு வாயில் ஏற்கெனவே முழுவதும் திறந்திருக்குமன்றோ!

இக்குறையைக் கணித அறிஞர் ஸ்ரான்லி ஹூக்கர் ஆராய்ந்தார். 1938இல் ரோல்ஸ் ரோய்ஸில் சேர்ந்த அவர், காற்று செல்லும் வழியைக் கணக்கிட்டுச் சீர்செய்தார். 1942இல் போருக்கு வந்த மேர்லின் 61 வகையில் இரண்டு அழுத்திகள் அடுத்தடுத்து அமைந்தன. நெருக்கப்பட்டுச் சூடான காற்றைக் குளிர்விக்கும் அமைப்பும் சேர்ந்தது. அதே 27 லீற்றர் எஞ்சின், 23,000 அடிக்கு மேலும் 1,300 பரிவலுவுக்கு அதிகமாகத் தந்தது. உருளையைப் பெருப்பிக்காமல், கணிதத்தால் வலுவைப் பெருப்பித்த சாதனை இது.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதைப் பெற்றோர் அறிவர். எஞ்சினின் தரமதிப்பும் அம்மூன்றையுமே கேட்கின்றது. எவ்வளவு வலு, எவ்வளவு நேரம், எவ்வுயரத்தில் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்த பின்னரே, அந்த எண்ணை நாம் நம்பலாம்.