கருப்பை வாய்ப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீர்ப்பைப் பராமரிப்பு

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பெரிய அறுவை சிகிச்சையில் கருப்பையுடன் அதைச் சுற்றியுள்ள திசுக்களும் அகற்றப்படுகின்றன. சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகள் அந்தத் திசுக்களின் ஊடாகவே செல்கின்றன. அவை பாதிக்கப்படும்போது, பை நிறைந்திருப்பதை நீங்கள் உணராமல் போகலாம். ஆகவேதான் மெல்லிய வடிகுழாய் (கதீட்டர்) பொருத்தி உங்களை வீட்டுக்கு அனுப்புகிறோம். பலருக்கு இது ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் தேவைப்படும்.

குழாய் இருக்கும்போது

குழாயைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுங்கள். குளிக்கலாம். குழாய் உடலுக்குள் நுழையும் இடத்தைத் தினமும் சவர்க்காரத்தாலும் நீராலும் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள், பவுடர் வேண்டாம். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும், ஆனால் தரையில் படக்கூடாது. பாதிக்கு மேல் நிறைந்தால் காலி செய்யுங்கள். குழாயை இழுக்காதீர்கள்: அதன் நுனியில் நீர் நிரப்பிய சிறு பலூன் உள்ளே இருக்கிறது.

பை நிறையுமே என்று பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. அது கிருமித்தொற்றுக்கே வழிவிடும். மருத்துவர் அளவு குறிப்பிட்டிருந்தால் தவிர, ஒரு நாளில் 1.5 முதல் 2 லிட்டர் அருந்துங்கள். மலச்சிக்கலும் சிறுநீர் வடிவதைத் தடுக்கும். பழமும் கீரையும் உண்ணுங்கள்.

காலில் கட்டும் பை தளர்வான பாவாடை அல்லது காற்சட்டைக்குள் வெளியே தெரியாது. கோயிலுக்கோ கடைக்கோ செல்லத் தயங்க வேண்டியதில்லை.

குழாயை எடுத்த பிறகு

அன்று நீங்கள் தாமாகவே சிறுநீர் கழித்ததும், உள்ளே எவ்வளவு மீதமிருக்கிறது என்று தாதி ஸ்கேன் கருவியால் பார்ப்பார். வலி இருக்காது. மீதம் அதிகமென்றால் குழாயை மீண்டும் சில நாட்கள் வைக்கலாம், அல்லது நீங்களே குழாய் செலுத்தி வெளியேற்றக் கற்றுத் தரலாம். இது உங்கள் தவறன்று; நரம்புகள் மீளச் சிலருக்கு மாதங்கள் ஆகும்.

வீட்டில், உந்துதல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை செல்லுங்கள். கைத்தொலைபேசியில் மணி வைத்துக்கொள்ளலாம். பாதங்கள் தரையில் படும்படி அமர்ந்து, சற்று முன்னே சாய்ந்து, அவசரமின்றிக் கழியுங்கள். முக்காதீர்கள். முடித்ததும் சிறிது நேரம் காத்திருந்து மறுபடி முயலுங்கள். பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் வரும். சிலருக்கு உந்துதலுக்குப் பதிலாக அடிவயிறு கனப்பது மட்டும் தெரியும். அதுவும் ஓர் அறிகுறிதான்.

உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள்:
- குழாயில் சிறுநீர் வராமல் அடிவயிறு வலித்தால், அல்லது குழாய் எடுத்தபின் 4 மணி நேரத்துக்கு மேல் கழிக்க முடியாவிட்டால்
- 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சலோ குளிர்நடுக்கமோ இருந்தால்
- சிறுநீரில் இரத்தக் கட்டிகள் தென்பட்டால்
- பிறப்புறுப்பிலிருந்து தண்ணீர்போல் இடைவிடாமல் கசிந்தால். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத் தாமதிக்காதீர்கள். பெண் தாதியிடம் பேச வேண்டுமென்று கேட்கலாம்.