ராட்சத கோஸ்டரில் தலைகீழ் வளையம்

போன எபிசோட்ல "ராட்சத ரோலர் கோஸ்டருக்குத் தலைகீழ் வளையமே தேவையில்ல"ன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தா, பாதி தப்பு.

டொரொண்டோ பக்கத்துல கனடாஸ் வொண்டர்லாண்டில் ஓடும் லெவியத்தான்: 93 மீட்டர் உயரம், மணிக்கு 148 கிலோமீட்டர், தலைகீழ் எதுவுமில்லை. அந்த வேகத்தில் வளையத்துக்குள் நுழைந்தால், உடம்பை அழுத்துற விசை நம்ம எடையின் 4.5 மடங்கைத் தாண்டாமல் இருக்க, அடிவளைவின் ஆரம் சுமார் 49 மீட்டர் வேண்டும். முழு வட்டமென்றால் 98 மீட்டர் உயரம். வண்டி உச்சிக்கே போய்ச் சேராது! கண்ணீர்த்துளி வடிவில் மேலே இறுக்கலாம், அடியில் முடியாது.

ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகம் கொஞ்சம் தணிந்தாலே நிறைய இடம் மிச்சம். அதே பூங்காவின் யூகான் ஸ்ட்ரைக்கர் (2019): 68 மீட்டர், 130 கிலோமீட்டர், நாலு தலைகீழ். எனக்கென்னவோ இன்னமும் லெவியத்தான் மேட்டுல சீட்டை விட்டு எழும்புற அந்த நொடிதான் பிடிக்குது.