நரையும் அகவையும்

மாந்தர் தம் அகவையை நாவால் கூறுமுன்னரே அவர்தம் உடல் அதனைக் கூறிவிடுகின்றது. தலையின் நரை, முகத்தின் திரை, நடையின் தளர்ச்சி, குரலின் நடுக்கம் ஆகியவற்றை நோக்கி, இவர் இத்துணை ஆண்டினர் என நாம் மதிப்பிடுகின்றோம். அம்மதிப்பு ஓரிரண்டு ஆண்டு முன்பின்னாக இருப்பின் இழுக்கொன்றும் இல்லை. ஆயின், நாற்பது நிரம்பியவர் அறுபதினர் போலவும், அறுபது கடந்தவர் நாற்பதினர் போலவும் தோன்றுதல் உண்டு. அப்போது பிறந்த நாள் காட்டும் கணக்கு ஒன்றாகவும், உடல் காட்டும் கணக்கு மற்றொன்றாகவும் நிற்கும். இவ்விரு கணக்குக்கும் இடையே எழும் பிணக்கு, நம் பழந்தமிழ் நூல்களில் பலவிடத்தும் பேசப்படுகின்றது.

சோழ மன்னன் ஒருவனைப் பற்றிய செய்தி பழமொழி நானூற்றில் வருகின்றது. அவனைக் கரிகாலன் என்பர் உரைகாரர். முதியவர் இருவர் தமக்குள் நேர்ந்த வழக்கொன்றைத் தீர்த்துக்கொள்ள அவன் அவைக்கு வந்தனர். அரியணையில் அமர்ந்திருந்தவனோ மிக இளையன். "இச்சிறுவன் நம் வழக்கின் நுட்பத்தை எங்ஙனம் அறிவான்?" என அவர்கள் தயங்கினர். அவர்தம் முகக்குறிப்பை மன்னன் உணர்ந்துகொண்டான். அவன் உள்ளே சென்று, நரைமயிர் முடித்து, முதியவன் கோலத்தோடு வந்து அமர்ந்தான். வந்தவர்கள் ஐயம் நீங்கித் தம் வழக்கை உரைத்தனர். அவன் அளித்த தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்தனர். மணிமேகலையிலும் இச்செய்தி குறிக்கப்படுகின்றது.

இக்கதையைப் படிப்போர் மன்னனது மதிநுட்பத்தை வியப்பர். வியத்தற்குரியது வேறொன்றும் உண்டு. தன்னை ஐயுற்றவர்மீது அவன் சினங்கொள்ளவில்லை. அம்முதியவர்களின் அச்சமும் பொருளற்றதன்று. வாழ்நாளெல்லாம் ஈட்டிய பொருளையோ நிலத்தையோ பற்றிய வழக்காயின், அதனை மீசை அரும்பாத ஒருவனிடம் ஒப்படைக்க யார்தான் துணிவர்? அவர்கள் வேண்டியது முறை. அம்முறைக்கு அடையாளமாக அவர்கள் அறிந்திருந்தது நரை. நரைமுடிக்கு முன்னும் பின்னும் மன்னனது அறிவு ஒன்றே. கேட்டவர்களின் செவியே வேறாயிற்று.

'இளையன்' என்ற அதே சொல் பாண்டியன் நெடுஞ்செழியனிடத்து வேறு விளைவைத் தந்தது. அவன் சிறுவன் என எள்ளிச் சேரனும் சோழனும் வேளிர் ஐவரும் ஒன்றுகூடிப் போருக்கு எழுந்தனர். அவ்வெள்ளுரையைப் பொறாது அவன் கூறிய வஞ்சினம் புறநானூற்றில் அவன் பாட்டாகவே உள்ளது. தலையாலங்கானத்துப் போரில் எழுவரையும் அவன் வென்றான். அப்போர்க்கோலத்தைக் கண்ட இடைக்குன்றூர் கிழார், குழந்தைப் பருவத்து ஐம்படைத் தாலியும் இன்னும் கழுத்தினின்று நீங்காத இவன் யாவன் என வியந்து பாடினார். சோழனைப் போல முதுமையைப் பூண்டுகொள்ளும் பொறுமை அவனுக்கு இல்லை. அதற்கு விலையாகப் பல உயிர்கள் மாண்டன.

ஔவையாரின் நிலை இவ்விருவர் நிலைக்கும் மாறானது. அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் இருந்த சங்ககால ஔவையாரை, அவர் பாடல் ஒன்றில் பகைவேந்தன் மைதீட்டிய கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலி என விளிக்கின்றான். ஆகவே அன்று அவர் முதியவர் அல்லர் எனக் கொள்ளலாம். ஆயினும், ஔவை என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுபவர் கோலூன்றிய நரைமூதாட்டியே அன்றோ? பிற்காலத்து ஔவையார் பற்றிய கதைகளும், மணத்தை விலக்க வேண்டி இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றார் என்னும் கதையும் அவ்வுருவத்தோடு கலந்துவிட்டன. 1953-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஔவையார்' திரைப்படத்தில் அம்மூதாட்டியாக நடித்த கே. பி. சுந்தராம்பாள் 1908-இல் பிறந்தவர். அப்போது அவர்க்கு அகவை ஏறத்தாழ நாற்பத்தைந்தே. அறிவுரை கூறுபவர் நரைத்திருத்தல் வேண்டும் என்று மக்கள் எண்ணினர். நரை இல்லாதவர்க்குத் தாமே அதனை அளித்தனர்.

தோற்றத்தால் அகவையை அறியும் வழக்கம் பாட்டோடும் கதையோடும் நின்றுவிடவில்லை. பிறப்புப் பதிவு ஊர்தோறும் பரவாத நாளில், பள்ளியில் சேர்க்கக் குழந்தையை அழைத்து வந்தால், ஆசிரியர் அதன் வலக்கையைத் தலைமேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். விரல் காதைத் தொட்டால் ஐந்தாண்டு நிரம்பியது என்பது கணக்கு. சிறு குழந்தைக்குத் தலை பெரிதாகவும் கை குட்டையாகவும் இருத்தலின், இம்முறையில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும், உணவுக் குறைவால் வளர்ச்சி குன்றிய குழந்தை அகவை நிரம்பியும் வீடு திரும்பியது. உடல் ஓங்கிய குழந்தை முன்னரே பள்ளியில் அமர்ந்தது. அன்று ஆசிரியர் மதிப்பிட்டு எழுதிய நாளே பலர்க்குப் பிறந்த நாளாயிற்று. அவர்கள் பணியில் சேர்ந்ததும் அந்நாளைக் கொண்டே. ஓய்வு பெற்றதும் அந்நாளைக் கொண்டே.

இன்று நடுவர் மன்றங்களிலும் இவ்வினா எழுகின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவர் பதினெட்டு ஆண்டு நிரம்பாதவராயின் அவரைப் பொதுவாகச் சிறாராகவே கருதி ஆராய்தல் வேண்டும் என்பது சட்டம். 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு, சிறார் என்பது தோற்றத்தாலேயே தெளிவாயின் அதனை ஏற்றுக்கொள்ளலாம் என்கின்றது. ஐயம் எழுமாயின் பள்ளிச் சான்றிதழையும், அஃது இல்லையேல் ஊராட்சி அல்லது நகராட்சி அளித்த பிறப்புச் சான்றிதழையும் நோக்குதல் வேண்டும். இரண்டும் இல்லாதவிடத்தே மருத்துவ ஆய்வு. எலும்புகளின் முனை கூடியுள்ளமையைக் கதிர்ப்படத்தால் கண்டு அகவையை மதிப்பிடுவர். அம்மதிப்பும் ஓரிரண்டு ஆண்டு முன்பின்னாகக் கூடும். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட ஓர் இளைஞனுக்கு அவ்வோராண்டே வாழ்வு முழுதையும் தீர்மானிப்பதாகும்.

அகவைக்கு ஒவ்வாத தோற்றம் ஏன் உண்டாகின்றது? இவ்வினாவைத் தமிழில் மிகத் தெளிவாக எழுப்பியது பிசிராந்தையார் வரலாறு. பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரினர் ஆந்தையார். உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் இவரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டனர். அவர் புகழைப் பல்லாண்டாகக் கேட்டு வந்த சான்றோர், நேரில் கண்டபோது திகைத்தனர். அவர் தலையில் நரை இல்லை. "நும்மைப் பற்றி யாம் கேட்டு வரும் ஆண்டுகளோ பல, நரை இல்லாதது எவ்வாறு?" என வினவினர். சோழனைக் காண அவர் வந்தபோது இது நிகழ்ந்தது என்பது வழக்கு. புறநானூற்றுக் குறிப்பு இடத்தைச் சுட்டவில்லை.

வேறொருவராயின் உண்ட மருந்தையோ பூசிய எண்ணெயையோ கூறியிருப்பார். ஆந்தையார் தம் உடலைப் பற்றி ஒரு சொல்லும் கூறினாரல்லர். மாண்புடைய மனைவியையும் அறிவு நிரம்பிய மக்களையும் முதலில் சுட்டினார். தாம் கருதியதையே கருதும் ஏவலரைக் கூறினார். தீமை செய்யாது காக்கும் வேந்தனைக் கூறினார். இவையனைத்துக்கும் மேலாக, கற்று அடங்கிய சான்றோர் பலர் தம் ஊரில் வாழ்கின்றனர் என்றார். தம் தலைமயிரின் கருமைக்குக் காரணத்தை அவர் வீட்டிலும், ஊரிலும், அரசிலும் தேடினார்.

இவ்விடை புலவர்க்குரிய அழகிய கற்பனை மட்டுந்தானா? மயிர்க்காலில் உள்ள உயிரணுக்கள் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கி மயிருக்கு அளிக்கின்றன. அவ்வணுக்களைத் தோற்றுவிக்கும் குருத்தணுக்கள் தீர்ந்துபோனால், பின்னர் முளைக்கும் மயிர் வெண்மையாகவே முளைக்கும். 2020-ஆம் ஆண்டு ஆர்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் எலிகளை ஆராய்ந்து, கடுந்துன்பத்துக்கு உள்ளாகும்போது நரம்புகள் சுரக்கும் ஒரு வேதிப்பொருள் அக்குருத்தணுக்களை விரைவில் தீர்த்துவிடுகின்றது எனக் கண்டனர். 2021-ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 14 பேரின் மயிர்களை நுணுகி ஆராய்ந்தனர். மன அழுத்தம் மிக்க காலத்தில் சில மயிர்கள் நரைத்தமையும், அது தணிந்தபின் சில மீண்டும் கருத்தமையும் புலனாயின. அவருள் ஒருவர் விடுமுறையில் சென்றிருந்தபோது ஐந்து மயிர்கள் நிறம் மீண்டன. ஐந்தே மயிர்கள்தாம், எனினும் ஆந்தையாரின் விடையை எள்ளி ஒதுக்குதல் இயலாது என்பதற்கு அவை போதும்.

இதனால், நரைத்தோர் அனைவரும் கவலையால் நரைத்தனர் எனக் கொள்ளுதல் பெரும்பிழை. நரை தோன்றும் காலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது குடிவழி. இளமையிலேயே நரைப்பதற்குப் பி12 உயிர்ச்சத்துக் குறையும், கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியின் கோளாறும் காரணமாதல் உண்டு. பள்ளியில் இளநரை உடைய மாணவனை நகையாடுவோர் இதனை அறிதல் நன்று. ஓரிரவில் தலை முழுதும் வெளுத்தது என்னும் கதைகளையும் நம்புதற்கில்லை. தோலுக்கு வெளியே வந்துவிட்ட மயிர் உயிரற்றது.

முகத்தின் திரைக்கு வெயிலும் ஒரு பெருங்காரணம். அமெரிக்க நாட்டில் 28 ஆண்டுகள் சரக்குந்து ஓட்டிய 69 அகவையினர் ஒருவரின் ஒளிப்படம் 2012-ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. அவர் முகத்தின் வலப்புறத்தினும் இடப்புறம் மிகுதியாகத் தடித்துத் திரைந்திருந்தது. ஒரே முகத்தில் இரு அகவைகள். அந்நாட்டு ஊர்திகளில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வர். பலகணிக் கண்ணாடியைக் கடந்து வரும் புறஊதாக் கதிர்கள் நாள்தோறும் அப்பக்கத்தைத் தாக்கின. நம் நாட்டில் ஓட்டுநர் அமர்வது வலப்பக்கம். நம் தோலின் கருநிறம் ஓரளவு காக்கும், முற்றும் காவாது. நண்பகல் வெயிலில் நாற்று நடும் பெண்டிரும், உப்பளத்தில் உழைப்போரும், சாலை போடுவோரும் தம் அகவைக்குப் பத்தாண்டு மூத்தவர் போலத் தோன்றுதலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கண்டும், ஏன் என்று எண்ணுவோர் சிலரே. நிழலில் இருப்போரின் இளமை பெரும்பாலும் அவரது நல்லொழுக்கத்தின் பயனாகப் பேசப்படுகின்றது. நிழல் அவர்க்கு வாய்த்தது என்பது பேசப்படுவதில்லை.

இத்தோற்றம் புறத்தோடு மட்டும் நிற்பதுமன்று. டென்மார்க்கு நாட்டில் 70 ஆண்டும் அதற்கு மேலும் நிரம்பிய இரட்டையர் 1,826 பேரை ஆய்வாளர் 2001-ஆம் ஆண்டு முதல் கண்காணித்தனர். அவர்தம் ஒளிப்படங்களைச் செவிலியர் முதலியோரிடம் காட்டி, அகவையை மதிப்பிடச் செய்தனர். உடன்பிறந்த இரட்டையர் இருவருள் மூத்தவராகத் தோன்றியவரே முன்னர் இறத்தல் மிகுதி என்பது 2009-இல் வெளியான அவ்வாய்வின் முடிவு. ஒரே நாளில் பிறந்தவர்க்கும் வாழ்க்கை ஒரே அளவாக நடப்பதில்லை போலும்.

ஆந்தையார் எண்ணிய காரணங்களுள் ஒருவன் தானே தனித்து ஆக்கிக்கொள்ளத் தக்கது எது? மனைவி மக்களின் மாண்பு அவர்களுடையது. ஏவலரின் உள்ளம் ஏவலருடையது. வேந்தன் தீமை செய்யாமை வேந்தன் கையில் உள்ளது. ஆயினும், அவை தாமே வந்து வாய்க்கட்டும் எனப் புலவர் வாளா இருந்தாரல்லர். பாண்டியன் அறிவுடை நம்பியிடம் சென்று வரி வாங்கும் முறையை எடுத்துரைத்தவர் அவரே. சிறு வயலாயினும் அறுத்துக் கவளமாக ஊட்டினால் யானைக்குப் பல நாளுக்கு உணவாகும். யானை தானே பெருவயலில் புகுந்தால், அதன் வாய் உண்பதினும் கால் அழிப்பது மிகும் என்பது அவர் காட்டிய உவமை. குடிகளை வருத்தி வரி கொள்ளும் அரசனது நாட்டில் உழவன் தலை எப்போது நரைக்கும் என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

கோப்பெருஞ்சோழனின் மக்கள் இருவரும் தந்தையோடு பகைத்து எழுந்தனர். மக்கள்மேல் படைகொண்டு செல்ல இருந்த அவனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார். சோழன் அரசு துறந்து, ஆற்றிடைக்குறையில் மரநிழலில் உண்ணாது வடக்கிருந்தான். ஆந்தையாருக்கும் ஓர் இடம் ஒழித்து வைக்குமாறு அவன் உரைத்தபோது, ஒரு நாளும் கண்டறியாதவர் இத்துணைத் தொலைவு வருவாரோ என அருகிருந்தோர் ஐயுற்றனர். தன் செல்வக் காலத்தில் வாராதிருப்பினும் அல்லற்காலத்தில் அவர் வாராதிரார் என்றான் அவன். அவ்வாறே ஆந்தையார் வந்து சேர்ந்தார். மாண்புடைய மனைவியும், நிரம்பிய மக்களும், நல்ல ஊரும் வாய்க்கப்பெற்ற அவர், மக்களால் மனம் நொந்த அம்மன்னன் அருகில், அவன் ஒழித்து வைத்த இடத்தில் தாமும் வடக்கிருந்து உயிர் துறந்தார்.