இடுப்பெலும்பு: ஒன்றா, மூன்றா?

எட்டாம் வகுப்பில் எலும்பு மண்டலம் நடத்தும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடும். "சார், 206 எலும்புக் கணக்குல இடுப்பெலும்பு ரெண்டுதானே? ஆனா இலியம், இஸ்கியம், பியூபிஸ்னு பக்கத்துக்கு மூணு எழுதிப் போடறீங்களே?" பல ஆண்டுகள் "மூன்றும் சேர்ந்து ஒன்று" என்று சொல்லிக் கடந்துவிட்டேன். எப்போது சேர்கின்றன என்பதை நான் சொன்னதே இல்லை.

இப்போது படம் வரையும் முன் மாணவர்களின் உடலிலேயே தொடங்குகிறேன். தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்தால் அது தங்குமே, அந்த வளைந்த விளிம்பு இலியத்தின் மேல்பகுதி. பெஞ்சில் உள்ளங்கைகளை விரித்து அவற்றின் மேல் உட்காரச் சொன்னால், கையை அழுத்தும் இரண்டு முண்டுகள் இஸ்கியம். வகுப்பே நெளியும், ஆனால் யாரும் மறப்பதில்லை. பியூபிஸை மட்டும் படத்தில் காட்டுவேன். அடிவயிற்றின் கீழே இரு பக்கத்துப் பியூபிஸும் குருத்தெலும்பால் இணைகின்றன. பின்புறம் இலியம் திருவெலும்போடு பொருந்துகிறது. இடுப்பு வளையம் முழுமையாகிவிட்டது.

அடுத்து மூன்று நிறக் களிமண். மூன்று துண்டுகளும் சந்திக்கும் இடத்தில், வெளிப்பக்கமாக, கட்டைவிரலால் ஒரு குழி. தொடை எலும்பின் உருண்டைத் தலை அமரும் அசிட்டாபுலம் அதுதான். (ரோமானியர்கள் காடி ஊற்றி வைத்த கிண்ணத்தின் பெயர் இது.) குழிக்குள் மூன்று நிறமும் தெரியும், பியூபிஸின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். வளரும் பருவத்தில் இந்தச் சந்திப்பில் 'ஒய்' வடிவக் குருத்தெலும்பு இருக்கும். பதின்பருவத்தின் நடுவில்தான் அது எலும்பாகி மூன்றையும் ஒன்றாக்குகிறது. எனவே "உங்களில் பலருக்கு இன்னும் மூன்று, எனக்கு ஒன்று" என்பதே என் இன்றைய பதில்.

தொடை எலும்பின் தலைக்குக் கீழேயும் இந்த வயதில் குருத்தெலும்பாலான வளர்தட்டு உண்டு. அதை நான் கற்றது பாடநூலில் அல்ல. மாணவன் ஒருவன் சில வாரங்களாக நொண்டி நடந்தான். முழங்கால் வலி என்றான். விளையாட்டு வேளைக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்று நினைத்துக் கடிந்துகொண்டேன். முழங்காலைப் பார்த்த மருத்துவர் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வளர்தட்டில் தலை நழுவியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து திருகாணி பொருத்தினார்கள். இடுப்பு மூட்டுக்குக் கிளை தரும் நரம்புகளே முழங்காலுக்கும் கிளை தருவதால் வலி அங்கே தெரிந்திருக்கிறது.

இப்போது நொண்டும் பிள்ளை முழங்கால் வலி என்றால் உட்காரவைத்துவிட்டு, பெற்றோரை அன்றே அழைத்து, மருத்துவரிடம் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள் என்கிறேன்.