உலாவியைத் தேர்தல்

மாணவர்களே! வீட்டிற்கு வாயில் எத்தகையதோ, கணிப்பொறிக்கு உலாவி அத்தகையது. இணையத்திலுள்ள செய்திகள் அதன் வழியே நம்மிடம் வருகின்றன. நாம் எழுதுவன அதன் வழியே வெளிச்செல்கின்றன. ஆதலின் அதனை ஆராய்ந்து தேர்தல் வேண்டும்.

உலாவிக்கும் யூனிக்ஸ் இன இயங்குதளங்களுக்கும் உள்ள உறவு பழைமையானது. 1990-ஆம் ஆண்டு, ஜெனீவாவிற்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் உலாவியை இயற்றினார். அவர் கையாண்ட நெக்ஸ்ட் கணிப்பொறியின் இயங்குதளம் யூனிக்ஸ் வழிவந்ததே. 1993-இல் அமெரிக்காவில் தோன்றிய மொசைக் உலாவியும் முதலில் யூனிக்ஸ் கணிப்பொறிகளுக்கே வெளிவந்தது.

பின்னர் நிலைமை மாறிற்று. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரே எங்கும் பரவியிருந்தது. பக்கங்கள் பல அதனை மட்டும் கருதியே அமைக்கப்பட்டன. அவ்வுலாவியோ லினக்ஸ் தளத்திற்கு இயற்றப்படவில்லை. எனவே லினக்ஸ் பயன்படுத்துவோர் பல பக்கங்களின் வாயிலில் நின்று வறிதே திரும்ப நேர்ந்தது. 2004-இல் வெளிவந்த பயர்பாக்ஸ் இந்நிலையை மாற்றத் துணைசெய்தது.

இன்று லினக்ஸ் தளத்திற்கு உலாவிகள் பல உள. ஆயினும் பெயர் பலவாயினும் உட்பொறி சிலவே. பக்கத்தின் குறிகளைப் படித்து, எழுத்தும் படமுமாகத் திரையில் அமைக்கும் பகுதியே உட்பொறி எனப்படும். குரோம், குரோமியம், பிரேவ், விவால்டி, ஆப்பெரா ஆகிய அனைத்திற்கும் உட்பொறி கூகுள் 2013-இல் தொடங்கிய பிளிங்க் ஒன்றே. பயர்பாக்ஸ் கெக்கோ என்னும் வேறொன்றை உடையது. எல்லோரும் ஓர் உட்பொறியையே நாடின், பழைய இடர் மீண்டும் தலைதூக்கும்.

தேர்வோர் நோக்க வேண்டுவன மூன்று. முதலாவது, பாதுகாப்புத் திருத்தங்கள் காலந்தாழாது வருதல். டெபியன் போன்ற தளங்கள் தம் களஞ்சியத்தின் வழியே இவற்றை அளிக்கின்றன; அங்கிருந்து பெறுதலே நன்று. இரண்டாவது, கணிப்பொறியின் ஆற்றல். நினைவகம் குறைந்த பழம்பொறிக்கு, எழுத்தை மட்டும் காட்டும் லின்க்ஸ் உலாவி ஏற்றது. எனினும் இக்காலப் பக்கங்கள் பல அதில் இயங்கா. மூன்றாவது, மூலநிரல் திறந்திருத்தல். பயர்பாக்ஸ், குரோமியம் ஆகியவற்றின் நிரலை எவரும் படித்து ஆராயலாம்.

இம்மூன்றையும் எண்ணுங்கால், நாள்தோறும் பயர்பாக்சைக் கையாண்டு, அதில் இயங்காத பக்கத்திற்கெனக் குரோமியத்தையும் வைத்திருத்தல் தக்கது. விரைவு ஒன்றையே கருதித் தேர்தல் கூடாது. நம் தேர்வு நமக்கு மட்டும் உரியதன்று. இணையம் யாவர்க்கும் பொதுவாய் நிற்பதற்கும் அது துணையாகும்.