புது வண்டியின் பளபளப்பு: எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்?



நம் குழுக்களில் ஆடு, மாடு, தையல் மெஷின், இட்லிக் கடை என்று மட்டுமே கடன் கேட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது மாமல்லபுரம், கோவளம் பக்கத்துக் குழுக்களில் மகனுக்கோ வீட்டுக்காரருக்கோ வாடகைக் கார் வாங்கக் கடன் கேட்பது சாதாரணமாகிவிட்டது. சுற்றுலா ஆட்கள் வந்து போகிற ஊர். வண்டி ஓடினால் வருமானம் உண்டு. முன்பணத்தில் ஒரு பங்கு நம் உள்கடனிலிருந்து போகிறது, மீதியை வங்கியில் வாங்குகிறார்கள். அப்படியென்றால் அந்த வண்டியில் நம் இருபது பேரின் சேமிப்பும் இருக்கிறது. அது துருப்பிடித்தால் நமக்கும் கவலைதான்.

சமீபத்தில் ஒரு கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "மேடம், புது வண்டிக்கு டெஃப்லான் கோட்டிங் போடணுமாம். பன்னிரண்டாயிரமாம். லோன்லயே சேர்த்துக்கலாம், கையில கட்ட வேண்டாம்னு சொல்றாங்க. போடலைன்னா கடல் காத்துக்கு ஒரே வருஷத்துல பெயிண்ட் போயிடுமாமே?"

நல்ல கேள்வி. இந்த மாதப் பாடத்தை இதற்கே வைத்துக்கொண்டோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்

கையில் கட்ட வேண்டாம் என்றால் இலவசம் என்று அர்த்தமில்லை. 12,000 ரூபாயை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில், 5 வருடக் கடனில் சேர்த்தால் மாதத் தவணை சுமார் 255 ரூபாய் கூடும். 60 மாதம் கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 15,300 ரூபாய் போயிருக்கும். அந்தப் பூச்சு 5 வருடம் இருக்குமா? வெயிலிலும் மழையிலும் நிற்கிற வாடகை வண்டியில் நிச்சயம் இருக்காது. பூச்சு போன பிறகும் தவணை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்.

டெஃப்லான் என்பது நம் நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கிற பூச்சின் வணிகப் பெயர். தோசைக்கல்லில் அதை உறுதியாகப் பிடிக்க வைக்க 350 டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறார்கள். காரை அந்தச் சூட்டில் வைத்தால் பெயிண்டே கருகிவிடும். ஆகவே காரில் கையால் தேய்த்துப் போடுவது, பெயர் ஒன்றாக இருந்தாலும், தோசைக்கல் பூச்சு போன்றது அல்ல. அது ஒரு நல்ல பாலிஷ், அவ்வளவுதான். செராமிக் கோட்டிங் என்பது வேறு. அது கடினமானது, கொஞ்ச காலம் தாங்கும், விலையும் அதிகம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர் ஆசைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம். தவணையில் ஓடுகிற வாடகை வண்டிக்குத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. எந்தப் பூச்சும் லாரி டயரிலிருந்து தெறிக்கிற கல்லைத் தடுக்காது.

கேள்வி கேட்ட உறுப்பினர் அந்த ஒரு வரியை விலைப்பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்துத்தான் கொடுத்தார்கள். கேட்டால் எடுப்பார்கள், நாம்தான் கேட்பதில்லை.

பெயிண்டில் என்ன இருக்கிறது?

நம் பக்கத்துக்காரர்களுக்குக் கார் தொழிற்சாலை புதிதல்ல. மறைமலை நகரில் 1999-ல் ஃபோர்டு ஐகான் கார் வெளிவரத் தொடங்கியது முதல், 2022-ல் அங்கே கார் உற்பத்தி நின்றது வரை எத்தனையோ குடும்பங்கள் அந்த வேலையை நம்பி இருந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் 1998 முதல் வருகிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், நாங்கள் சொல்வதைவிட நன்றாகச் சொல்வார்.

காரின் இரும்புக் கூட்டை முழுசாகக் கழுவி, பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அதனால் கை போகாத மூலையிலும் பிரைமர் ஏறிவிடும். பிறகு அடுப்பில் வாட்டுகிறார்கள். அதன்மேல் இன்னொரு பூச்சு, அதன்மேல் கலர், கடைசியில் கண்ணாடி போல நிறமில்லாத கிளியர் கோட். அதற்கும் சுமார் 140 டிகிரி சூடு. இத்தனையும் சேர்ந்து மொத்தக் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதாவது ஒன்றரைத் தலைமுடி கனம். நாம் பார்க்கிற பளபளப்பு முழுக்க மேலே இருக்கிற கிளியர் கோட்டில்தான், அது அரைத் தலைமுடி கனம்கூடத் தேறுவது சந்தேகம்.

இது தெரிந்தால் மீதிப் பாடம் தானாகப் புரிந்துவிடும். பாலிஷ் என்பது மிக நைசான உப்புத்தாள் மாதிரி. கோடு விழுந்த மேல்தோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து மட்டமாக்குவதால் பளபளக்கிறது. பழைய, மங்கிய வண்டிக்கு அது சரி. கோடே விழாத புது வண்டிக்கு எதற்கு? மாதம் ஒரு பாலிஷ் என்று போட்டால் அரைத் தலைமுடியும் தேய்ந்து போகும்.

மெழுகு, அதாவது வேக்ஸ், வேறு. அது எதையும் சுரண்டாது, மேலே படிந்து நிற்கும். நல்ல மெழுகில் சேர்க்கிற கார்னபா மெழுகு, பிரேசில் நாட்டில் வளர்கிற பனை இன மரத்தின் ஓலையிலிருந்து உதிர்த்து எடுப்பது. வெயிலில் ஓலை காயாமல் இருக்க மரமே பூசிக்கொள்கிற மெழுகு! நம் ஊர் வெயிலுக்கும் அது பொருத்தம்தான். ஒரு டப்பா வாங்கினால் ஒரு வண்டிக்குப் பல மாதம் வரும். தொழிற்சாலையில் அடுப்பில் வாட்டிய பெயிண்ட் என்பதால் புது வண்டிக்கு முதல் வாரத்திலேயே மெழுகு போடலாம். ஆனால் இடித்து, பட்டறையில் திரும்பப் பெயிண்ட் அடித்த இடத்துக்கு ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். அந்தப் பெயிண்ட் உள்ளே காய்ந்துகொண்டே இருக்கும், மூடிவிடக் கூடாது.

உப்புக்காற்று எங்கே கடிக்கிறது?

கடற்கரைக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். பல்லவ ராஜா ராஜசிம்மன் காலத்துக் கல், 1,300 வருடமாக நிற்கிறது. சிற்பங்களின் முகம் எல்லாம் கரைந்த மாதிரி இருக்கும். உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் போய், காயும்போது பூத்து, கல்லைத் துகள் துகளாகத் தள்ளிவிடுகிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழைச் சுவரில் அப்பி, காயவிட்டு, அந்த உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். கல்லுக்கே இந்தப் பாடு.

ஆனால் காரில் நடப்பது வேறு. கிளியர் கோட்டை உப்பு அவ்வளவு சீக்கிரம் தின்னாது. இரும்பு வெளியே தெரிகிற இடத்தைத்தான் தேடிப் போகும். மழைக்காலத்தில் சமையல்கட்டில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே கதைதான். காற்றில் ஈரம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக ஈரத்தை இழுத்துத் தண்ணீராகிவிடும். தேவநேரியிலும் சதுரங்கப்பட்டினத்திலும் விடியற்காலையில் வண்டியைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசு என்று இருக்கும். அந்த உப்புத் தண்ணீர் கல் தெறித்த புள்ளியிலோ சாவியால் கீறிய கோட்டிலோ இறங்கினால் துரு பெயிண்டுக்கு அடியிலேயே ஓடும். மேலே கொப்பளம் தெரியும்போது அடியில் கணிசமான வேலை முடிந்திருக்கும்.

ஆகவே பானட்டின் மினுமினுப்பைவிட அடிப்பாகம் முக்கியம். சக்கரத்துக்கு மேல் வளைவின் உள்பக்கம், கதவின் கீழ் விளிம்பு, டிக்கியின் ஓரம், இந்த மூன்றும்தான் முதலில் போகும். வாரம் ஒருமுறை டியூப் போட்டு அடியில் நன்றாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். கதவைத் திறந்து அடி விளிம்பைப் பார்த்தால் சிறு சிறு ஓட்டைகள் இருக்கும். கதவுக்குள் போன மழைத்தண்ணீர் வெளியே வடிவதற்காக வைத்தவை. நம் மணல் போய் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் போதும். இந்த ஈர்க்குச்சி வேலைக்கு எந்த ஷோரூமும் பில் போடாது, அதனால்தானோ என்னவோ யாரும் சொல்லித் தருவதுமில்லை.

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் அடிப்பாகத் துருத் தடுப்புப் பூச்சுக்குச் செய்யலாம். கம்பெனியிலேயே எவ்வளவு அடித்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, வெளியிலும் விலை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வடிகால் ஓட்டைகளை அடைக்காமல் அடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

மீன் ஏற்றுகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கூடையிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர் சுத்தமான உப்புத் தண்ணீர்தான். குட்டி யானையின் பின்தளமும் காரின் டிக்கியும் சீக்கிரம் ஓட்டையாவது இதனால்தான். அடியில் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் ட்ரே வையுங்கள். இறக்கினதும் அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், மறுநாளைக்கு என்று விடாதீர்கள்.

கழுவும் முறை

காலையில் டிரைவர் செய்கிற முதல் வேலை, காய்ந்த துணியால் தூசியைத் தட்டித் துடைப்பது. இதுதான் பெயிண்டுக்கு முதல் எதிரி. நம் கடற்கரை மணல் பெயிண்டைவிடக் கடினம். காய்ந்த துணியோடு அதைத் தேய்த்தால் வெயிலில் வட்ட வட்டமாகச் சிலந்திவலை மாதிரி கோடு தெரியும். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மணலை இறக்க வேண்டும். பிறகுதான் துணி.

இரண்டு பக்கெட் வையுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு ஷாம்பில் நனையுங்கள். கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள், சக்கரம் கடைசி. பாத்திரம் தேய்க்கிற சோப்பு, துணி பவுடர் வேண்டாம், போட்ட மெழுகை எடுத்துவிடும். தேங்காய் நார் வேண்டவே வேண்டாம். சிலர் பளபளப்புக்காக மண்ணெண்ணெய், டீசல் தொட்டுத் துடைப்பார்கள். அந்தப் பளபளப்பு அன்றைக்குச் சாயங்காலம் வரைதான். அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டி அடுத்த நாள் இன்னும் கோடு விழும்.

பட்டுப்புடவையை யாராவது கல்லில் அடித்துத் துவைப்போமா? அந்தக் கை இங்கேயும் இருந்தால் போதும்.

தண்ணீர்தான் நம் பக்கத்தில் சிக்கல். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். நிழலில் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு பக்கெட் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ வையுங்கள். உடனே மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பழைய பருத்திப் புடவைத் துண்டு நல்லது, ஜரிகைப் பக்கத்தை மட்டும் வெட்டிவிடுங்கள்.

மெழுகு போட்டிருக்கிறதா என்று அறிய ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போல முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. பட்டையாகப் பரவினால் போய்விட்டது, மறுபடி போட வேண்டும். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். நிழலில், மெலிதாக, இரண்டு உள்ளங்கை அகலம் இடமாகத் தடவி, வெளுத்ததும் துடைத்துவிட வேண்டும். கெட்டியாகப் போட்டால் அதிக நாள் வரும் என்பது தப்பு, துடைக்கக் கைதான் வலிக்கும்.

பறவை எச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். வேடந்தாங்கலில் ஏரித் தண்ணீரில் விழுகிற எச்சம் வயலுக்கு உரம். காரின் மேல் விழுந்தால் அது புளிப்பு அமிலம். வெயிலில் கிளியர் கோட் இளகும்போது எச்சம் கடித்து வடு வைத்துவிடும், மெழுகு இருந்தாலும் முழுக்கத் தடுக்காது. ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுங்கள். பூஜை போட்ட சந்தனம், குங்குமமும் இப்படித்தான், மறுநாளே ஊறவைத்துக் கழுவுங்கள், காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டாதீர்கள். ஆயுத பூஜைக்குக் கட்டுகிற மாலையின் கம்பி முனை பானட்டில் படாமல் மடக்கிவிடுங்கள். சாமிக்குச் செய்வதைக் குறைக்கச் சொல்லவில்லை!

நிறுத்துவதற்குக் கீற்றுக் கொட்டகையைவிட நல்லது எதுவுமில்லை. பிளாஸ்டிக் தார்ப்பாயை வண்டிமேல் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளே தங்கும், கடல் காற்றில் படபடவென்று அடித்து மணலோடு உரசும்.

கல் தெறித்துப் புள்ளி விழுந்தால் அந்த வாரமே கவனியுங்கள். வண்டியின் கலர் நம்பரைச் சொன்னால் அதே நிறத்தில் சிறு பாட்டில் டச்-அப் பெயிண்ட் கிடைக்கும். இடத்தைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, குச்சி முனையால் ஒரு பொட்டு வைத்தால் போதும். துரு ஓடிய பிறகு பட்டறைக்குப் போனால் கதவு முழுக்க அடிக்க வேண்டியிருக்கும். அப்போது கூலியோடு, வண்டி ஓடாத நாட்களின் வருமானமும் போகும். அந்த மாதத் தவணைக்கு யார் கையை நீட்டுவார் என்று நமக்குத் தெரியும், உறுப்பினரான அம்மாதான் குழுவில் வந்து கேட்பார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இதைப் படித்துக் காட்டி, வண்டி வைத்திருக்கும் வீடுகளில் கதவு அடி ஓட்டையையும் சக்கர வளைவையும் ஒருமுறை பார்த்து வரச் சொல்லுங்கள். வாகனக் கடனுக்குத் தீர்மானம் எழுதப்போகிற குழுக்கள், ஷோரூம் கொடுத்த விலைப்பட்டியலின் நகலை மனுவோடு வையுங்கள். கோட்டிங், கிட், கூடுதல் பேக்கேஜ் என்று இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று எழுதி, கடன் கேட்கிற உறுப்பினரே கையெழுத்துப் போடட்டும். புரியாத வரி இருந்தால் அதைக் கோடிட்டு, கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.